அடைக்கல மாதா மடத்துப் பார்லர்

காபி ஒரு கப்தான் வந்தது. கொண்டுவந்து வைத்த சமையல்காரப் பெண், "ஆறிடப் போவுது, குடிங்கம்மா. சிஸ்டர் இப்ப வந்துருவாங்க" என்று சிரித்துவிட்டுப் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வந்தவர்கள் இரண்டு பேர், வந்த காபி ஒன்று. அப்படியானால் மகள் ஆக்ஸிலியாவுக்கு உள்ளேயே கொடுத்திருக்கிறார்கள். உள்ளே கொடுத்திருக்கிறார்கள் என்றால் அவளை விருந்தாளிக் கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டு மனுஷியாகவே எடுத்துக்கொண்டாயிற்று. எடுத்துக்கொண்டபிறகு பெற்றவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பது எதற்கு? ஒப்புக்குத்தான். ஒரு கப் காபியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து சேர ஜெசிந்தாவுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவளுடைய நாத்தனார் சொல்வதுபோல அவளுக்கு வேலை கிடைத்திருக்க வேண்டிய இடம் ரயில்வே அல்ல, போலீஸ். விருந்தாளிகளை உட்கார வைக்கும் இந்த அறைக்கு மடத்தில் பார்லர் என்று பெயர். பிரம்பு நாற்காலிகள், கண்ணாடி அலமாரிக்குள் பிளாஸ்டிக் லில்லிப் பூ, சுவரில் வரிசையாக இதுவரை இருந்த மதர்களின் படங்கள், முதலில் வெள்ளைக்காரிகள், பிறகு நம்மவர்கள், ஒருத்தராவது பல் தெரியச் சிரிக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஒரே மகள், இருபத்துநாலு வயசு, கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்கிறாள். திரைக்கு இந்தப் பக்கம் இவள், விடமாட்டேன் என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது பெரிய சிஸ்டர் வந்து சம்மதம் கேட்பார். கொடுக்கக் கூடாது. ஆனால் மாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லவும் வழியில்லை. ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து பூசை காண்கிறவள், மரியாயின் சேனை என்கிற ஜெப சங்கத்தில் செயலாளராக இருந்தவள், பிள்ளையைச் சாமிக்குக் கொடுக்க மனசில்லை என்று சொன்னால் கோயில் பங்கு முழுக்கச் சிரிக்கும். பங்குச் சாமியார் ஏற்கனவே கையைப் பிடித்துக் குலுக்கி, குடுத்து வெச்சவங்கம்மா நீங்க என்று சொல்லிவிட்டார். குடுத்து வெச்சவள். புருஷனைக் கொடுத்தாயிற்று, இனி மகளையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காபியைக் குடிக்கலாமா? மேலே ஏடு படிய ஆரம்பித்திருந்தது. மடத்துல பச்சத்தண்ணிகூடக் குடிக்காதடி என்பாள் அவள் அம்மா, சாகும்வரை சொன்னாள். கன்னியாஸ்திரிகள் வெளியாட்கள் முன்னால் சாப்பிட மாட்டார்கள், அந்தக் காலத்துச் சட்டம் அது, விருந்தாளிக்கு ஒரு தட்டும் ஒரு கப்பும் வைத்துவிட்டுத் தாங்கள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அது ஒறுத்தல், ஒரு தவம் மாதிரி. ஊருக்கு அது மருந்து வைக்கிற லட்சணம். தான் குடிக்காததை அடுத்தவளுக்கு ஏன் கொடுக்கிறாள், அதில் என்னத்தைக் கலந்திருக்கிறாள்? குடித்த பெண்கள் வீட்டை மறந்துவிடுகிறார்களாம், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையாம். ஜெசிந்தாவின் அம்மா இந்தக் கதைகளையெல்லாம் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லுவாள். இங்கே ஏரி இருந்தது, ஏரிக்கரையில் செங்கல் சூளை இருந்தது, மீதி எல்லாம் கருவேலமும் பாம்பும். அந்த இடத்தை ஊர் நிலக்காரர் வெங்கு ரெட்டியார் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகளுக்குச் சும்மா எழுதிக் கொடுத்தார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இங்கே இடத்தைக் கொடுத்தவரே மடத்தையும் கட்டிக்கொள்ளுங்கள் என்றால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? ரெட்டியாருடைய விதவைத் தங்கச்சி சமாசாரம் ஏதோ மடத்துச் சுவருக்குள் முடிந்தது என்று ஒரு பேச்சு. இல்லை, நிலத்தில் வழக்கு இருந்தது, வெள்ளைக்காரி பேரில் இருந்தால் சர்க்கார் கைவைக்காது என்று ஒரு பேச்சு. புண்ணியத்துக்காகக் கொடுத்தார் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. புதுச்சேரியிலிருந்து மூன்று பேர் ரயிலில் வந்து இறங்கி மாட்டு வண்டியில் வந்தார்களாம், அதில் மதர் ஓதில் என்கிறவர் ஆறடி உயரம், ஆம்பளைதான் வேஷம் போட்டு வந்திருக்கிறான் என்று ஊரே வேலியோரம் நின்று பார்த்ததாம். ஜெசிந்தா தலையைத் தூக்கி முதல் படத்தைப் பார்த்தாள். மோவாய் கொஞ்சம் அகலம்தான்.

பிறகு வாசல் மதிலில் ஒரு பொந்து வைத்துக் கட்டி அதில் தொட்டிலைப் போட்டார்கள். வேண்டாத பிள்ளையை இருட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு மணியை இழுத்தால் போதும், யார் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள், உள்ளேயிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். வந்த பிள்ளைகளில் பாதி நோஞ்சான்கள், பிழைக்கவில்லை. பின்பக்கம் சின்னச் சின்னக் குழிகள், சின்னச் சின்னச் சிலுவைகள். பிள்ளை பிடித்துக் கொன்று தைலம் காய்ச்சுகிறார்கள் என்று ஊர் பேசிற்று, தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு வந்தவளும் சேர்ந்து பேசினாள். சுரங்கம் வேறு. சாமியார் பங்களாவிலிருந்து மடத்துக்குப் பூமிக்கடியில் வழி இருக்கிறதென்று ஜெசிந்தா பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நகராட்சிக்காரன் சாக்கடைக்குத் தோண்டினபோது செங்கல் வைத்துக் கட்டின கால்வாய் ஒன்று அகப்பட்டது, பழைய சூளைக்குத் தண்ணீர் போன கால்வாய், ஒரு நாய்க்குட்டிகூட நுழைய முடியாத அகலம். பார்த்தியா நான் சொல்லல என்று அம்மா ஒரு வாரம் வெற்றிக்கொடி கட்டினாள். அப்புறம் போனவர்கள் கதை. ஆசாரி மகள் ஒருத்தி, கல்யாணத்துக்கு முதல்நாள் உள்ளே போனாள், வரவில்லை. ரெட்டியார் வீட்டு மருமகள் ஒருத்தி, மண்ணெண்ணெயில் வெந்த கையோடு போனாள், வரவில்லை. மடம் இழுத்துக்கொண்டது என்பாள் அம்மா. முறத்தைத் தட்டிக் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் சொல்லுவாள், இழுத்துக்கொண்டது. ஏரியை மூடி மனை போட்டார்கள், மனை போட்ட இடத்தில் நகர் வந்தது, நகருக்கு நடுவில் அடுக்குமாடி வந்தது, பஸ் நிற்கிற இடத்துக்கு இன்றைக்கும் மடம் ஸ்டாப் என்றுதான் பேர். காலை மணி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அடுக்குமாடிக்காரர்கள் புகார் கொடுத்து மணியை நிறுத்தினார்கள். மடமும் சுருங்கிவிட்டது, மொத்தமே நாலைந்து சிஸ்டர்கள்தான், ஒரு பகுதியை வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டலாக விட்டிருக்கிறார்கள். ஆள் இல்லாத மடத்துக்கு ஆள் வேண்டும். அதற்கு என் பிள்ளைதான் அகப்பட்டாளா?

இந்தத் திரை அப்போது நீலமாக இருந்தது. மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தா ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது வகுப்பில் ஒரு பந்தயம், முக்காட்டுக்குள் சிஸ்டர்களுக்கு முடி இருக்குமா, மொட்டையா? யாருக்கும் தைரியமில்லை, ஜெசிந்தாதான் போனாள். திரையை ஒரு விரல் விலக்கிப் பார்த்தாள். உள்ளே கணக்கு டீச்சர் சிஸ்டர் முக்காட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நரைத்த கிராப்பு. கழுத்தெல்லாம் வேர்க்குரு, அதற்குப் பவுடர். ரேடியோவில் யாரோ நகைச்சுவை பேச, அவர் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். வேறு பிள்ளையாக இருந்தால் அப்பாடா என்று திரும்பியிருக்கும். ஜெசிந்தாவுக்கு ஏமாற்றம், அதைவிடப் பெரிதாக ஒரு சந்தேகம். இவ்வளவு சாதாரணமாக இருக்கிறார்கள் என்றால் அசல் விஷயத்தை இன்னும் உள்ளே எங்கேயோ வைத்திருக்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், ஜெசிந்தாவுக்கு வெளிச்சமாக இருந்தாலும் பேய்தான். ஆனால் அப்படிச் சொல்வதும் முழு நியாயமில்லை. நடுவில் ஒரு பதினைந்து வருஷம் அவள் யாரையும் சந்தேகிக்காமல்தான் இருந்தாள். சூசைநாதனைக் கட்டிக்கொண்ட வருஷங்கள். ரயிலில் கார்டு வேலை, இன்றைக்கு வண்டியேறினால் நாளைக்கோ மறுநாளோ வருவார், வரும்போது ஆம்பூர்ப் பக்கத்துச் சாமான் ஏதாவது கையில் இருக்கும். எங்கே தங்கினீங்க என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தாள். அவர் மார்வலியில் போய்ச் சேர்ந்து நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ஒருத்தி வந்தாள். கையில் மாலை. மாலையைப் போட்டுவிட்டு நேரே கால்மாட்டுக்குப் போய் இடது கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த விரலில் அவருக்கு நகம் கிடையாது, சின்ன வயசில் கல் விழுந்தது, செருப்பைக் கழற்றினாலும் காலுறையைக் கழற்ற மாட்டார், அவ்வளவு கூச்சம். அந்த விரலைத் தெரிந்து பிடிக்கிறவள் யார் என்று பெண்டாட்டிக்கு இன்னொருவர் சொல்ல வேண்டுமா? ஆக்ஸிலியா அப்போது அஞ்சாங்கிளாஸ். அந்த ஆண்ட்டி யாரும்மா என்று கேட்டாள். அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க என்றாள் ஜெசிந்தா. அன்றைக்குத்தான் முடிவு செய்தாள், இனிமேல் எதையும் மோந்து பார்க்காமல் விழுங்குவதில்லை என்று.

அதனால்தானே. எல்லாம் அதனால்தானே. கருணை அடிப்படையில் ரயில்வேயில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள், பிள்ளையை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டாள் என்றால் நிஜமாகவே பார்த்துக்கொண்டாள். ஆக்ஸிலியா குளிக்கப் போனால் போனை எடுத்து யார் யார் பேசியிருக்கிறார்கள் என்று பார்ப்பது, துவைக்கப் போடும் துப்பட்டாவை முகர்ந்து பார்ப்பது, பஸ் ஸ்டாப்பில் பூக்காரிக்குப் பின்னால் நின்று யாரோடு இறங்குகிறாள் என்று கவனிப்பது, தாய் பார்க்காமல் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? மகள் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். நிஜமாகவே அங்கே இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள ஒருநாள் குரலை மாற்றிக்கொண்டு போன் செய்து, வயித்து ஸ்கேனுக்கு எப்ப வரணும் என்று கேட்டாள். வெறும் வயித்துல காலையில வரணும் மேடம் என்று பதில் வந்தது. வந்துவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, நான் ஏழு மணிக்கு வந்துடுவேன்மா என்றும் வந்தது. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அன்றைக்கு, இப்போது நினைத்தாலும் வருகிறது, எமகாதகி, கண்டுபிடித்துவிட்டாளே. வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லிச் சிரித்தாள். ஆக்ஸிலியா சிரித்தாளா? சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அது நினைவிருக்கிறது. சிரித்தாளா என்பது நினைவில்லை. அதற்குக் கொஞ்சநாள் கழித்துத்தான் வேலை முடிந்து வர நேரமாக ஆரம்பித்தது. பையன் யாரோ என்று நினைத்தாள். பின்னாலேயே போனாள். மகள் மடம் ஸ்டாப்பில் இறங்கி, மடத்துக் கேட்டைத் திறந்து, உள்ளே போய், கேட்டைச் சாத்திக்கொண்டாள். சாயங்கால ஜெபத்துக்காம். அப்பாடா, சாமிகிட்டதானே போகிறாள் என்று ஜெசிந்தா மெழுகுவர்த்தி ஏற்றி நன்றி சொன்னாள். ஈஸ்டர் அன்றைக்குப் பிரியாணி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே ஆக்ஸிலியா சொன்னாள், அம்மா, நான் மடத்துல சேரலாம்னு இருக்கேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது.

சேருகிறேன் என்று சொல்லும் பெண்ணின் வீட்டைப் பார்க்கச் சிஸ்டர்கள் வருவது வழக்கம். போன வாரம் இரண்டு பேர் வந்தார்கள், பெரிய சிஸ்டர் லெயோனியும் கூட ஒரு சின்ன சிஸ்டரும். பெண் பார்க்க வருகிற மாதிரிதான், ஆனால் சொஜ்ஜி பஜ்ஜி கிடையாது. முறுக்கைத் தின்றார்கள், தண்ணீர் குடித்தார்கள், இப்போதெல்லாம் அந்தச் சட்டம் இல்லை போலிருக்கிறது. குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். எதற்குச் சுற்றிப் பார்க்க வேண்டும்? சொந்த வீடு, ஒரே வாரிசு, வாரிசு மடத்துக்குப் போனால் வீடு எங்கே போகும், இதைக் கணக்குப் போட எஞ்சினியரா வேண்டும்? ஆக்ஸிலியா எங்க படுப்பா என்று கேட்டார் பெரிய சிஸ்டர். எங்கூடத்தான் சிஸ்டர், அவ மேல கையப் போட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும் என்றாள் ஜெசிந்தா, பெருமையாகத்தான் சொன்னாள், எந்த வீட்டில் இந்த வயசில் பெண் அம்மாவோடு படுக்கிறாள்? அப்போது அந்த இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களே, அது என்ன பார்வை? வீட்டை அளக்கிற பார்வையா, ஒரே அறைதான் புழங்குகிறது, மற்றது வாடகைக்கு விடலாம் என்கிற பார்வையா? அன்றையிலிருந்து அந்தப் பார்வை அவளுக்குச் சோற்றில் கல்லாக அகப்பட்டுக்கொண்டேயிருக்கிறது. இன்றைக்கு அதைக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும். உள்ளே யாரோ சிரித்தார்கள். ஹாஸ்டல் பெண் எவளோ, நல்ல சிரிப்பு, மூச்சை இழுத்து இழுத்துச் சிரிக்கிற சிரிப்பு, மடத்தில் இப்படிச் சிரிக்க விடுகிறார்களா? இன்னொரு தடவை சிரித்தாள். அது ஆக்ஸிலியா. பெற்றவளுக்குச் சிரிப்பு யாருடையது என்று அடையாளம் தெரிய இரண்டாவது தடவை வேண்டியிருந்தது. என்ன சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள்? யாரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்? என்னைச் சொல்லியா? அம்மா சொன்னதையெல்லாம் மறந்து, ஏட்டோடு அந்தக் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

சிஸ்டர் லெயோனி தனியாகத்தான் வந்தார். அறுபது வயது இருக்கும், முழங்கால் வலியோடு நடப்பவர். எதிர் நாற்காலியில் உட்காராமல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெசிந்தா மனசுக்குள் கோர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள். எனக்கு உடம்பு சரியில்ல சிஸ்டர், இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் சிஸ்டர், அவளுக்குச் சின்னப் புத்தி சிஸ்டர்.

"ஜெசிந்தாம்மா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். ஆக்ஸிலியாவ நாங்க சேத்துக்கறதா இல்ல."

சாத்தியிருக்கிறது என்று நினைத்து முட்டின கதவு திறந்திருந்தால் ஆள் எப்படிப் போய் விழுவாளோ அப்படி விழுந்தாள் ஜெசிந்தா. ஒரு மூச்சுக்குச் சந்தோஷம், மாதாவே என்று மனசு கூவியது. அடுத்த மூச்சில் சுருக்கென்று தைத்தது. ஏன் சேர்க்கவில்லை? ஆளில்லாத மடம் வருகிற பெண்ணை வேண்டாம் என்கிறதா?

"எம் பொண்ணுக்கு என்ன கொற, சிஸ்டர்?"

"கொற ஒண்ணும் இல்லம்மா. தங்கமான பிள்ள. சேர வர்ற பிள்ளைங்க எல்லார்கிட்டயும் நாங்க ஒண்ணு கேப்போம். இந்த மடத்துல உனக்கு எது புடிச்சிருக்குன்னு. ஒருத்தி கோயிலும்பா. ஒருத்தி பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றதும்பா. உங்க பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? இங்க வந்தா, எங்க போயிட்டு வர்றேன்னு யாரும் கேக்கறதில்ல சிஸ்டர்னா."

"வெளயாட்டுக்குச் சொல்லியிருப்பா."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். அதனாலதான் வீட்டுக்கு வந்து பாத்தோம்." சிஸ்டர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "இந்த மடத்துல ஒரு வழக்கம் உண்டும்மா, மொத மதர் காலத்துலேர்ந்து. சாமியத் தேடி வர்றவங்களுக்கு எங்க உடுப்புக் குடுக்கலாம். ஒருத்தர்கிட்டேர்ந்து தப்பிச்சு வர்றவங்களுக்கு எடம் குடுக்கலாம், உடுப்புக் குடுக்கக் கூடாது. குடுத்தா அவங்களுக்கும் பாவம், நமக்கும் பாவம்."

"தப்பிச்சா? யார்கிட்டேர்ந்து?" ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்ல ஆம்பளயே கெடையாதே, சிஸ்டர்!"

சிஸ்டர் காலிக் கப்பை எடுத்து ஓரமாக வைத்தார். வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, மறுபடி கிளம்பிப் போகிற சத்தம் முழுசாகக் கேட்டது. அதற்குள் ஜெசிந்தாவின் மனசு ஓடாத இடமில்லை. ஸ்கேன் சென்டரில் யாராவது தொந்தரவு கொடுத்தானா, பஸ்ஸில் எவனாவது, நாத்தனார் மகன், எதிர்வீட்டு மாடியில் இருக்கிறானே அந்த ஒண்டிக்கட்டை. ஒவ்வொருத்தராக எடுத்து, முகர்ந்து, கீழே வைத்தாள். யாருமில்லை. எல்லாரையும் அவள்தான் எப்போதோ விரட்டிவிட்டாளே, அவளுக்குத் தெரியாமல் யார் நெருங்க முடியும்? வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்தி தப்பித்துப் போகிறாள் என்றால்.

"நான் ஒரு அடி அடிச்சதில்ல சிஸ்டர் அவள."

"தெரியும்மா."

"அவளுக்காகத்தான் எல்லாம்."

"அதுவும் தெரியும். அவளே சொன்னா. அம்மா ரொம்ப நல்லவங்க, எனக்குத்தான் மூச்சு முட்டுதுன்னா."

மூச்சு முட்டுகிறது. அம்மாவைச் சொல்கிற வார்த்தையா இது? சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இல்லை, இது அவள் வார்த்தைதான், சின்னப் பிள்ளையிலேயே போர்வையை இழுத்து மூடினால் இதைத்தான் சொல்லுவாள். ஜெசிந்தாவுக்கு வலித்தது. எந்த இடத்தில் என்று சொல்ல முடியாமல் உடம்பு முழுக்க வலித்தது. ஜோலார்பேட்டைக்காரி வந்து நின்ற அன்றைக்குக்கூட இப்படி வலிக்கவில்லை, அன்றைக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தது. இன்றைக்கு யாரைத் திட்டுவது?

"வேலைக்குப் போற பொண்ணுங்க ஹாஸ்டல்ல அவளுக்கு ஒரு ரூம் குடுத்திருக்கோம்," என்றார் சிஸ்டர். "இன்னியிலேர்ந்து. ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கா, எங்கயும் ஓடிடல. வீட்ல வெச்சு சொல்ல அவளுக்குத் தைரியம் இல்ல. இங்க வெச்சு சொல்லுங்க சிஸ்டர்னு கேட்டுக்கிட்டா. சொல்லிட்டேன்."

"துணிமணி?"

"கட்டியிருக்கறது போதும்னா. மெதுவா எடுத்துக்கலாம்." சிஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இப்ப வருவா. ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கிட்டா. இன்னிக்கு மட்டும் அம்மா எங்கிட்ட எதுவும் கேக்க வேணாம்னு. இன்னிக்கு மட்டும்தாம்மா. முடியும்ல?"

முடியும் என்று தலையாட்டினாள் ஜெசிந்தா. இதிலென்ன கஷ்டம்? வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு பெரிய வேலையா? சிஸ்டர் போனார். ஆக்ஸிலியா வந்தாள். காலையில் கட்டின அதே புடவை, முகம் கழுவியிருந்தாள், பொட்டு இல்லை. ஏன் பொட்டு இல்லை என்று கேட்கக் கூடாது. அழுதியா என்று கேட்கக் கூடாது. உள்ளே என்னத்துக்கு அப்படிச் சிரிச்சே என்று கேட்கக் கூடாது. எவ்வளவு நாளா இது உன் மனசுல இருக்கு, யாரு யோசனை, ரூமுல கூட யாரு இருக்கா, அவ எந்த ஊரு, காத்தாடி இருக்கா, ஜன்னல் எந்தப் பக்கம்? ஒன்றையும் கேட்கக் கூடாது. மகள் வந்து சிஸ்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். சாப்பிட்டியா என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைவிட ஏழையான வார்த்தை உலகத்தில் உண்டா, சோறு போடுகிறவள் தினம் கேட்கிறது, அதுகூட ஒரு கேள்விதான் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதேயில்லை. விழுங்கினாள். ஆக்ஸிலியா காலில் வேறு செருப்பு இருந்தது, ரப்பர் செருப்பு, ரோஸ் கலர், இது யாருடையது, உன் செருப்பு எங்கே, அதையும் விழுங்கினாள். பேசுவதற்கு ஒரு வார்த்தை தேடினாள். கேட்காமல் சொல்லக்கூடிய ஒரு வார்த்தை. பெற்று வளர்த்த மகளிடம் சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை, எல்லாம் கேட்பதற்குத்தான் இருந்தது. கண் நிறைந்துவிட்டது. மகள் அதைப் பார்த்துவிட்டாள், பார்த்து மெல்லக் கையை நீட்டி அம்மாவின் மணிக்கட்டைத் தொட்டாள். அந்தத் தொடுதலில் ஜெசிந்தாவுக்கு வார்த்தை கிடைத்துவிட்டது.

"கொடியில உன் நீலச் சுடிதார் காயுது," என்றாள்.

"ஆமாம்மா." ஆக்ஸிலியாவின் முகம் இளகியது. சிரிக்கக்கூடச் செய்தாள், கொஞ்சமாக. "மறந்தே போயிட்டேன். நாளைக்கு வேல முடிஞ்சு நானே வந்து எடுத்துக்கறேன். அப்படியே உன்கூட உக்காந்து சாப்ட்டுட்டு வர்றேன்."

வருகிறாள். நாளைக்கு வருகிறாள். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வாளைமீன் வாங்க வேண்டும், புளியை இன்றைக்கே ஊறப்போட வேண்டும், மாதாவே, வருகிறாள். ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு?"

ஆக்ஸிலியா கையை எடுத்துக்கொண்டாள். கோபப்படவில்லை.

"வேணாம்மா," என்றாள். "சுடிதார இங்க கேட்டு வாட்ச்மேன்கிட்டக் குடுத்துடு."